மானியத்தில் முளைத்த பெருந்தொழில்: சீன மின்கார்களின் வரலாறும் வரவிருக்கும் சந்தையும்

சீனாவின் கார்த் தொழிற்சாலைகள் 2024-ஆம் ஆண்டில், ஏற்றுமதியையும் சேர்த்து, ஏறத்தாழ 1.29 கோடி புதிய ஆற்றல் வாகனங்களை விற்றன. 'புதிய ஆற்றல் வாகனம்' என்பது சீன அரசு வகுத்துக்கொண்ட நிர்வாகப் பிரிவு. பேட்டரியால் மட்டுமே ஓடும் கார், வெளியிலிருந்து மின்னேற்றிக்கொள்வதோடு பெட்ரோல் எஞ்சினையும் கொண்டிருக்கும் பிளக்-இன் ஹைபிரிட், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் வண்டி ஆகிய மூன்றும் அதில் அடங்கும். 2011-இல் இத்தகைய வாகனங்களின் ஆண்டு விற்பனை பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை. 2024 ஜூலையிலோ சீனாவில் சில்லறையாக விற்பனையான பயணியர் கார்களில் இவற்றின் பங்கு ஒரு மாதக் கணக்கில் முதன்முறையாகப் பாதியைத் தாண்டியது. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிதாக வளர்ந்த ஒரு தொழிலின் வருங்காலத்தை விலைப்பட்டியல்களையும் பங்குச்சந்தை நிலவரத்தையும் மட்டும் வைத்துக் கணிப்பது இயலாது. அத்தொழிலை வளர்த்த ஏற்பாடுகள் எவையோ, அவையே அதன் இன்றைய நெருக்கடிக்கும் வேராக இருப்பதால், சந்தை எத்திசையில் செல்லும் என்பதை அறிய அதன் கடந்த காலத்தை ஊன்றிப் படிப்பது இன்றியமையாததாகிறது.

எஞ்சினைத் தாண்டிச் செல்லும் எண்ணம்

நவீன சீனாவின் மோட்டார் வாகனத் தொழில் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கியது. வடகிழக்கு நகரமான சாங்சுனில் 1953-இல் அடிக்கல் நாட்டப்பட்ட முதல் தொழிற்சாலையிலிருந்து 1956-இல் 'ஜியேஃபாங்' என்னும் சரக்குந்து வெளிவந்தது. எனினும் அடுத்த முப்பது ஆண்டுகளில் பயணியர் கார் என்பது அதிகாரிகளுக்கு உரிய அரும்பொருளாகவே இருந்தது. பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கிய பின், 1984-இல் ஷாங்காயில் ஃபோக்ஸ்வாகனோடு கூட்டு நிறுவன ஒப்பந்தம் கையெழுத்தானது. 1994-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கை, இத்தகைய கூட்டு நிறுவனங்களில் வெளிநாட்டவரின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என விதித்தது. சந்தையைத் திறந்துவிட்டு அதற்கு ஈடாகத் தொழில்நுட்பத்தைப் பெறுவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆனால் கார்கள் விற்றன, உள்நாட்டுப் பங்காளிகளுக்கு லாபமும் வந்தது. எஞ்சின், கியர்பெட்டி ஆகியவற்றை வடிவமைக்கும் ஆற்றல் மட்டும் எதிர்பார்த்த அளவுக்குக் கைமாறவில்லை.

நூறாண்டுக் கால அனுபவத்தில் ஜெர்மானியரும் ஜப்பானியரும் அமெரிக்கரும் பெற்றிருந்த எஞ்சின் அறிவை விரட்டிப் பிடிப்பதைவிட, எஞ்சினே தேவைப்படாத வண்டியில் முந்திக்கொள்வது எளிது என்ற எண்ணம் இந்தச் சூழலில்தான் உருவானது. சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் சியான் சுவேசென், 1992-இல் துணைப் பிரதமர் ஸோ ஜியாஹுவாவுக்கு எழுதிய கடிதத்தில், பெட்ரோல், டீசல் கட்டத்தைத் தாண்டி நேரடியாகப் புதிய ஆற்றல் வாகனங்களுக்குச் செல்ல வேண்டும் எனப் பரிந்துரைத்தார். அதற்கு அடுத்த ஆண்டே சீனா, ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாக எண்ணெய்ப் பொருள்களை இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. வளைகுடாவிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக வரும் எண்ணெயை நம்பியிருப்பது பாதுகாப்புக்கு ஏற்றதா என்ற கவலையும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது.

எண்ணத்தைத் திட்டமாக்கியவர் வான் கங் என்னும் பொறியாளர். ஜெர்மனியின் கிளௌஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஔடி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 2000-இல் தாயகம் திரும்பி, '863' என்ற உயர் தொழில்நுட்ப ஆய்வுத் திட்டத்தின் கீழ் அமைந்த மின்வாகனப் பிரிவின் தலைமை அறிவியலாளர் ஆனார். 1986 மார்ச்சில் தொடங்கப்பட்டதால் அந்த எண்ணையே பெயராகப் பெற்ற அத்திட்டம், பேட்டரி வாகனம், ஹைபிரிட், ஹைட்ரஜன் வாகனம் என மூவகை வண்டிகளையும், அவை மூன்றுக்கும் பொதுவான பேட்டரி, மோட்டார், கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றையும் ஒருசேர வளர்க்க முற்பட்டது. ஆளும் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர் அல்லாத வான் கங், 2007-இல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராகி 2018 வரை அப்பொறுப்பில் இருந்ததால், ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய பணி அரசின் நிதியோடும் ஆணைகளோடும் நேரடியாக இணைந்தது.

பேட்டரிப் பட்டறையிலிருந்து கார்த் தொழிற்சாலைக்கு

அரசு திட்டமிட்டுக்கொண்டிருந்த காலத்தில், மின்காருக்கு அடிப்படையான பேட்டரித் திறன் தென் சீனக் கடற்கரையில் வேறொரு தொழிலின் தயவில் வளர்ந்துகொண்டிருந்தது. அது கைப்பேசித் தொழில். அன்ஹுய் மாகாணத்து எளிய குடும்பத்தில் 1966-இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, உடன்பிறந்தோரின் ஆதரவில் படித்து ஆய்வாளரான வாங் சுவான்ஃபூ, உறவினரிடம் பெற்ற முதலோடு 1995-இல் ஷென்ஜெனில் பிஒய்டி நிறுவனத்தைத் தொடங்கினார். மறுபடி மின்னேற்றக்கூடிய பேட்டரிகளின் உற்பத்தி அப்போது ஜப்பானிய நிறுவனங்களின் கையில் இருந்தது; அவர்களுடைய தானியங்கி இயந்திர வரிசையை விலைக்கு வாங்கும் வசதி புதிய நிறுவனத்துக்கு இல்லை. எனவே ஒரே இயந்திரம் செய்யும் வேலையைப் பல சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் எளிய பிடிகருவிகளைச் செய்து, அவற்றின் துணையோடு தொழிலாளர்களைக் கொண்டே பேட்டரியை உருவாக்கும் முறையை அது மேற்கொண்டது.

இம்முறையின் நுட்பத்தை லித்தியம் பேட்டரித் தயாரிப்பில் தெளிவாகக் காணலாம். லித்தியம் பேட்டரியின் உட்பொருள்களுக்கு ஈரம் ஆகாது என்பதால், ஜப்பானிய ஆலைகளில் உற்பத்திக்கூடம் முழுவதும் உலர்ந்த காற்றால் நிரப்பப்பட்டது. அதற்கான கட்டுமானச் செலவும் மின்செலவும் மிகப் பெரியவை. பிஒய்டியோ கூடத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கவாட்டில் கையுறைகள் பொருத்தப்பட்ட, உள்ளே நடப்பதைப் பார்க்கக்கூடிய பெட்டிகளை அமைத்து, அப்பெட்டிகளுக்குள் மட்டும் உலர்ந்த சூழலை உண்டாக்கியது. தொழிலாளர் வெளியில் நின்றபடி கையுறைக்குள் கைகளை நுழைத்து வேலை செய்தனர். முதலீடு குறைந்தது, விலையும் குறைந்தது. 2000-இல் மோட்டோரோலாவும் 2002-இல் நோக்கியாவும் வாடிக்கையாளர்கள் ஆயின. விலை உயர்ந்த கருவியை உடைத்து ஆராய்ந்து, அதன் வேலையை மலிவான வழியில் செய்யும் இந்தப் பழக்கம் பின்னாளில் கார் உற்பத்திக்கும் அப்படியே சென்றது.

2003 ஜனவரியில் பிஒய்டி, சியான் நகரில் நலிந்திருந்த சின்சுவான் கார் நிறுவனத்தை வாங்கியது. கார் செய்யும் உரிமத்தைப் புதிதாகப் பெறுவது அரிது என்பதால், நலிந்த ஆலையை வாங்குவதே உரிமம் பெறும் வழியாக இருந்தது. டொயோட்டா கொரோலாவைப் பெரிதும் ஒத்திருந்த எஃப்3 என்னும் பெட்ரோல் கார் 2005-இல் வெளிவந்து நன்கு விற்றது. அந்த வருமானத்தின் துணையோடு 2008 டிசம்பரில் பிளக்-இன் ஹைபிரிட் காரும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் குழுமம் 23 கோடி டாலருக்கு நிறுவனத்தில் ஏறத்தாழ பத்து விழுக்காடு பங்குகளை வாங்க முன்வந்தது, அதுவரை ஐயத்தோடு பார்க்கப்பட்ட முயற்சிக்கு உலகச் சந்தையில் ஒரு மதிப்பைத் தந்தது.

நகரங்களின் போட்டி

2008-இன் உலக நிதி நெருக்கடிக்குப் பின் தொழில்களைத் தூக்கி நிறுத்த முனைந்த பெய்ஜிங், 2009-இல் 'பத்து நகரம், ஆயிரம் வாகனம்' என்ற திட்டத்தை அறிவித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு நகரமும் ஆயிரம் மின்வாகனங்களைச் சாலையில் இறக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பின்னர் நகரங்களின் எண்ணிக்கை 25 ஆக உயர்ந்தது. 2010-இல் ஐந்து நகரங்களில் தனியாரும் பேட்டரி கார் வாங்கினால் 60,000 யுவான் வரை மானியம் பெறலாம் என்றானது. நடுவண் அரசு கொடுத்த மானியத்தோடு நகராட்சிகளும் தம் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்தன; அவ்வாறு கொடுத்தவை தம் எல்லைக்குள் இருந்த ஆலையின் வண்டிகளையே விரும்பிக் கொள்முதல் செய்தன. ஷென்ஜென் பிஒய்டியின் பேருந்துகளையும் டாக்சிகளையும் வாங்கி, 2017 இறுதிக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட நகரப் பேருந்துகள் அனைத்தையும் மின்மயமாக்கிய உலகின் முதல் பெருநகரமாயிற்று. புகையும் இரைச்சலும் இல்லாத பேருந்து என்பது அந்நகர மக்களுக்கு அன்றாட நடைமுறையானது இத்தொழிலின் வரலாற்றில் மெய்யான சாதனை.

மானியத்தைப் போலவே வலுவாகச் செயல்பட்ட மற்றொன்று வாகனப் பதிவு விதி. நெரிசலையும் காற்று மாசையும் கட்டுப்படுத்த ஷாங்காய் பதிவெண் தகடுகளை ஏலம் விட்டது. பெய்ஜிங் 2011 முதல் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. ஷாங்காய் ஏலத்தில் ஒரு தகட்டின் விலை 90,000 யுவான் அளவுக்கு உயர்ந்தபோது, மின்காருக்கு அதே தகடு இலவசமாகக் கிடைத்தது, நடுத்தரக் குடும்பங்களின் கணக்கையே மாற்றிவிட்டது. சுற்றுச்சூழல் பற்று இல்லாதவரும் மின்காரை நாடும் நிலையை இவ்விதி உண்டாக்கியது.

பணம் தாராளமாகப் பாய்ந்த இடத்தில் முறைகேடும் புகுந்தது. 2016 செப்டம்பரில் நிதி அமைச்சகம், ஐந்து பேருந்து நிறுவனங்கள் நூறு கோடி யுவானுக்கு மேற்பட்ட மானியத்தைப் பொய்க்கணக்கு காட்டிப் பெற்றதாக அறிவித்தது. செய்யப்படாத வண்டிகளுக்கும் முழுமை பெறாத வண்டிகளுக்கும் மானியம் கோரப்பட்டிருந்தது. அதன் பின் ஒருமுறை மின்னேற்றினால் ஓடும் தொலைவு, பேட்டரியின் எடைக்கு ஏற்ற ஆற்றல் ஆகியவற்றைப் பொறுத்தே மானியம் என விதிகள் இறுகின. ஏப்ரல் 2018-இல் நடைமுறைக்கு வந்த 'இரட்டைப் புள்ளி' முறை, ஒவ்வொரு கார் நிறுவனமும் குறிப்பிட்ட அளவு மின்வாகனப் புள்ளிகளை ஈட்ட வேண்டும், இயலாதோர் பிறரிடமிருந்து அப்புள்ளிகளை விலைக்கு வாங்க வேண்டும் என்றது. வாஷிங்டனில் உள்ள வியூக மற்றும் பன்னாட்டு ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி, 2009 முதல் 2023 வரை இத்தொழில் பெற்ற அரசு ஆதரவு 23,000 கோடி டாலருக்குக் குறையாது.

பேட்டரித் தொழிலுக்குக் கிடைத்தது வேறுவகைக் காப்பு. 2015-இல் அரசு வெளியிட்ட தகுதிப் பட்டியலில் உள்ள நிறுவனங்களின் பேட்டரியைப் பொருத்திய வண்டிகளே நடைமுறையில் மானியம் பெற்றன; அப்பட்டியலில் கொரியாவின் எல்ஜி, சாம்சங் நிறுவனங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஃபூஜியான் கடற்கரையின் சிறு நகரமான நிங்டேயில், கைப்பேசி பேட்டரி அனுபவம் மிக்க ஸெங் யூசுன் 2011-இல் தொடங்கிய சிஏடிஎல், முதலில் பிஎம்டபிள்யூவின் சீனக் கூட்டு நிறுவனம் தந்த எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தொழில்நுட்ப விவரக்குறிப்பை நிறைவேற்றித் தரம் கற்றது; பின்னர் அப்பட்டியலின் நிழலில் அளவைப் பெருக்கி, 2017-இல் உலகின் மிகப் பெரிய மின்கார் பேட்டரி நிறுவனமானது. 2019-இல் பட்டியல் நீக்கப்பட்டபோது அது பிறரை அஞ்ச வேண்டாத நிலையை அடைந்திருந்தது.

காப்பு ஒருபுறம் இருக்க, போட்டியையும் அரசே அழைத்து வந்தது. மின்கார்களுக்கு மட்டும் 2018-இல் 50 விழுக்காட்டு வரம்பு நீக்கப்பட்டு, டெஸ்லா முழு உரிமையோடு ஷாங்காயில் ஆலை அமைக்க அனுமதி பெற்றது. 2019 ஜனவரியில் பணி தொடங்கிய அந்த ஆலையிலிருந்து அவ்வாண்டு முடிவதற்குள் கார்கள் வெளிவந்தன. டெஸ்லாவுக்கு உதிரிப்பொருள் வழங்கிக் கற்றுக்கொண்ட உள்ளூர் நிறுவனங்கள் அதே தரத்தை உள்நாட்டுக் கார்களுக்கும் கொண்டுசென்றன.

விலையை வென்ற வேதியியல்

சீன மின்காரின் மலிவுக்கு மானியமே காரணம் என்ற விளக்கம் முழுமையானதன்று. மற்றொரு காரணம் பேட்டரியின் வேதியியல் தெரிவில் இருக்கிறது. மேலைநாட்டு, கொரிய நிறுவனங்கள் நிக்கல், கோபால்ட் கலந்த பேட்டரியை நாடின. எடைக்கு அதிக ஆற்றல் தருவது அதன் சிறப்பு, விலையும் தீப்பிடிக்கும் வாய்ப்பும் அதன் குறை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1990-களில் கண்டறிந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் பொருளோ, தாராளமாகக் கிடைக்கும் இரும்பையும் பாஸ்பேட்டையும் கொண்டது. ஆற்றல் சற்றுக் குறைவு, ஆயுளும் பாதுகாப்பும் மிகுதி. சீன நிறுவனங்கள் இதைக் கைவிடாமல் வளர்த்தன.

2020 மார்ச்சில் பிஒய்டி அறிமுகம் செய்த 'பிளேடு' பேட்டரி அதன் முதிர்ந்த வடிவம். ஒவ்வொரு செல்லும் 96 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைந்த தடிமன் உடைய மெல்லிய பட்டை. இப்பட்டைகளைச் சிறு பெட்டிகளில் தொகுக்காமல் நேரடியாக வரிசையில் அடுக்குவதால் வீணாகும் இடம் குறைந்து, வேதியியலால் இழந்த ஆற்றலின் ஒரு பகுதி வடிவமைப்பால் மீட்கப்பட்டது. நிறுவனம் காட்டிய ஆணிச் சோதனையில், நிக்கல் வகை செல்லில் எஃகு ஆணி இறங்கியதும் தீ மூண்டு வெப்பம் 500 டிகிரியைத் தாண்டியது. பிளேடு செல்லில் தீயோ புகையோ எழவில்லை, மேற்பரப்பு வெப்பமும் 60 டிகிரிக்குள் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் வூலிங் நிறுவனத்தின் மினி மின்கார் 28,800 யுவானுக்கு விற்பனைக்கு வந்து, மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு மாற விரும்பிய சிறுநகர மக்களைச் சந்தைக்குள் ஈர்த்தது. 2022 மார்ச்சில் பிஒய்டி பெட்ரோலில் மட்டும் ஓடும் கார்களின் உற்பத்தியை முற்றிலும் நிறுத்தியது. அவ்வாண்டின் முடிவில் நடுவண் அரசின் கொள்முதல் மானியம் நின்றபோதும் விற்பனை சரியவில்லை.

மிகுதியின் சுமை

மானியம் நின்றாலும், மானிய காலத்தில் முளைத்த ஆலைகள் நின்றபடியே இருந்தன. ஒவ்வொரு மாகாணமும் தனக்கென ஒரு கார் நிறுவனத்தை வளர்த்ததன் விளைவாக, சந்தை கொள்ளக்கூடியதைவிட மிகுதியான உற்பத்தித் திறன் சேர்ந்தது. 2020-இல் மூழ்கும் நிலையில் இருந்த நியோ நிறுவனத்தை ஹெஃபெய் நகரின் அரசு சார்ந்த முதலீட்டாளர்கள் 700 கோடி யுவான் கொடுத்துக் காப்பாற்றி, அதன் சீனப் பிரிவின் தலைமையகத்தைத் தம் நகரில் அமையச் செய்து, பெரும் லாபமும் கண்டனர். இந்த வெற்றியைப் பார்த்த பிற நகரங்களும் நலிந்த நிறுவனங்களைக் கைவிடத் தயங்கின. வரி வருவாய், வேலைவாய்ப்பு, நிலத்தின் மதிப்பு ஆகிய மூன்றும் ஆலையோடு பிணைந்திருந்ததால், சந்தை தண்டித்த நிறுவனத்தை நகரம் தாங்கிப் பிடித்தது.

டெஸ்லா 2022 இறுதியில் தொடங்கிய விலைக் குறைப்பை மற்ற நிறுவனங்களும் பின்பற்ற, விலைப்போர் ஆண்டுதோறும் தீவிரமானது. 2025 மே மாதத்தில் பிஒய்டி தன் சீகல் காரின் தொடக்க விலையை 55,800 யுவானாகக் குறைத்தது. அதே மாதத்தில் கிரேட் வால் நிறுவனத் தலைவர் வெய் ஜியான்ஜுன், கடனில் வீழ்ந்த எவர்கிராண்ட் வீட்டுமனை நிறுவனத்தைச் சுட்டி, கார்த் துறையிலும் அத்தகைய ஒன்று இருக்கிறது என்று வெளிப்படையாக எச்சரித்தார். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத கார்களை விற்றதாகப் பதிவு செய்து, பின் அவற்றையே பழைய கார்கள் என்ற பெயரில் தள்ளுபடிக்கு விற்கும் பழக்கமும் அப்போது அம்பலமானது. உதிரிப்பொருள் வழங்கும் சிறு நிறுவனங்களுக்குப் பணம் தராமல் பல மாதங்கள் இழுத்தடிப்பதே பெருநிறுவனங்களின் வட்டியில்லாக் கடனாக இருந்த நிலையில், அரசின் அழுத்தத்தால் 2025 ஜூனில் பெரிய நிறுவனங்கள் 60 நாளுக்குள் பணம் தருவதாக உறுதியளித்தன. மலிவான காரின் பின்னே இச்சிறு நிறுவனங்களும் அவற்றின் தொழிலாளர்களும் சுமந்த பாரத்தை வரலாறு மறைத்துவிடலாகாது. டபிள்யூஎம், ஹைஃபை, ஜியூவே, நெட்டா எனப் பெயர் பெற்றிருந்த நிறுவனங்கள் 2023 முதல் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தன. வாங்கியோர் மென்பொருள் புதுப்பிப்பும் உதிரிப்பொருளும் கிடைக்காமல் தவித்தனர். 2024-இல் இருந்த 129 மின்வாகன வணிகப் பெயர்களில் பதினைந்து மட்டுமே 2030-இல் நிதி வலிமையோடு இருக்கும் என அலிக்ஸ்பார்ட்னர்ஸ் என்னும் ஆலோசனை நிறுவனம் கணித்தது.

கடல் கடந்த சந்தை

உள்நாட்டில் விலை வீழ்ந்ததால் லாபத்தை வெளிநாட்டில் தேடுவது தவிர்க்க முடியாததாயிற்று. 2023-இல் 49 லட்சம் வாகனங்களை அனுப்பி, ஜப்பானை முந்தி, சீனா உலகின் மிகப் பெரிய வாகன ஏற்றுமதி நாடானது. எதிர்ப்பும் உடனே எழுந்தது. அமெரிக்கா 2024-இல் சீன மின்கார்கள் மீது 100 விழுக்காடு தீர்வை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், ஏற்கெனவே இருந்த 10 விழுக்காட்டுக்கு மேல் பிஒய்டிக்கு 17, ஜீலிக்கு 18.8, ஷாங்காயின் எஸ்ஏஐசிக்கு 35.3 விழுக்காடு எனக் கூடுதல் தீர்வை விதித்தது.

இதற்கு ஒப்பான முன்னிகழ்வு ஜப்பானிய கார்களின் வரலாற்றில் இருக்கிறது. 1981-இல் அமெரிக்க அழுத்தத்துக்கு இணங்கி ஜப்பான் தன் கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சம் என வரையறுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஹோண்டா ஒஹையோ மாநிலத்தில் கார் உற்பத்தியைத் தொடங்கியது, டொயோட்டா பின்னர் உயர்விலைக் கார்களுக்கென லெக்சஸை உருவாக்கியது. சீன நிறுவனங்களும் அதே பாதையில் அடியெடுத்து வைத்துள்ளன: தாய்லாந்தின் ராயோங்கில் பிஒய்டி 2024 ஜூலையில் ஆலை திறந்தது, பிரேசிலின் கமசாரியில் ஃபோர்டு கைவிட்ட வளாகத்தில் அமைந்தது மற்றொன்று, ஹங்கேரியின் செகெடில் ஐரோப்பாவுக்கான ஆலை எழுந்தது. ஆனால் ஜப்பான் அமெரிக்காவின் நட்பு நாடு, அதன் ஆலைகளை அமெரிக்க மாநிலங்கள் வரவேற்றன. சீன கார்களின் இணைய மென்பொருளையே பாதுகாப்பு அச்சுறுத்தலாகக் கருதி அமெரிக்கா தடை விதித்திருப்பதால், அந்தக் கதவு விரைவில் திறக்கும் வாய்ப்பு இல்லை.

இந்தியாவின் நிலை, சீன ஆலைகளை வரவேற்கும் நாடுகளுக்கும் கதவை அடைத்த அமெரிக்காவுக்கும் இடைப்பட்டது. சென்னையை அடுத்த திருப்பெரும்புதூரில் பிஒய்டி தன் கார்களைப் பாகங்களாகக் கொண்டுவந்து இணைத்து விற்றுவந்தபோதும், எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு 2020-இல் விதிக்கப்பட்ட முன்அனுமதிக் கட்டுப்பாட்டின் பின்னணியில், ஹைதராபாத் பங்காளியோடு நூறு கோடி டாலரில் ஆலை அமைக்கும் அதன் திட்டம் 2023-இல் ஏற்கப்படவில்லை. இலங்கையில் 2025 பிப்ரவரியில் கார் இறக்குமதித் தடை நீங்கியதும் சீன மின்கார்கள் விரைவாக இடம்பிடித்தன. சொந்தக் கார்த் தொழிலைக் காக்க வேண்டிய தேவையில்லாத நாடுகளில் அவற்றின் சந்தை எவ்வாறு விரியும் என்பதற்கு அது சான்று.

இந்த வரலாற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். தொழில்நுட்பத்தில் இத்தொழில் பின்வாங்கப் போவதில்லை. 2023-இல் ஃபோக்ஸ்வாகன், எக்ஸ்பெங் என்னும் சீன மின்கார் நிறுவனத்தில் 70 கோடி டாலர் முதலிட்டு அதன் தொழில்நுட்பத்தை நாடியது, 1984-இன் கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிவிட்டதைக் காட்டுகிறது. விற்பனை பெருகும், பெயர்கள் குறையும்; பேட்டரியைத் தாமே செய்யும் நிறுவனங்களும், ஒரு நாட்டில் விற்பதை அந்த நாட்டிலேயே செய்யத் துணியும் நிறுவனங்களும் நிலைக்கும். ஆயினும் அவற்றின் லாபம் பொறியாளர்களைவிட நகராட்சிகளையே சார்ந்திருக்கிறது. தம் ஆலையைத் தாங்கிப் பிடிப்பதை நகரங்கள் நிறுத்தினால், எஞ்சிய நிறுவனங்கள் நியாயமான விலைக்கு விற்று, உதிரிப்பொருள் தருவோருக்கு உரிய காலத்தில் பணம் கொடுத்து, வெளிநாட்டின் ஐயத்தையும் ஓரளவு தணிக்க முடியும். நிறுத்தாவிட்டால், உபரிக் கார்கள் கப்பலேறுவதும், அவற்றைத் தடுக்கத் தீர்வைகள் உயர்வதும் தொடரும். எரிபொருள் இறக்குமதியால் நலியும் ஏழை நாடுகளுக்கு மலிவான மின்வண்டி உண்மையான நன்மை என்பதால், அதைச் செய்யும் தொழில் தன் மிகுதியாலேயே சிதையாமல் காப்பது சீனாவுக்கு மட்டும் உரிய அக்கறையாக இருக்க முடியாது.